பரண்மேல் ஏற்றிய காரியங்கள்

எந்த வீட்டிலும் பரண் என்று ஒன்று இருக்கிறது. புதுக் குடியிருப்புகளில் அதற்கு 'லாஃப்ட்' என்று நாமகரணம் ஆகியிருக்கலாம். சிமெண்டுப் பலகையும் பிளைவுட் கதவும் வந்திருக்கலாம். உபயோகம் மட்டும் மாறவில்லை. இன்றைக்கு வேண்டாததும், எறிந்துவிட மனம் வராததும், என்றைக்காவது இறக்கிப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்று உள்ளூர உறுத்திக்கொண்டிருப்பதுமான பொருள்களே அங்கே போய்ச் சேருகின்றன. மனத்துக்கும் அப்படி ஒரு பரண் உண்டு என்பதையும், கண்முன்னே கிடக்கும் காரியங்களைவிட அதன்மேல் ஏற்றிவைத்த காரியங்களே நம்மை அதிகமாக அழுத்துகின்றன என்பதையும், இந்த அத்தியாயத்தைத் தேடிப் புரட்டிய வாசகருக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

சோம்பேறிக்காக இதை எழுதவில்லை. சோம்பேறி நன்றாகத் தூங்குகிறான். நான் குறிப்பிடுபவரோ, வங்கிக்கு எழுதவேண்டிய ஒரே ஒரு கடிதத்துக்குப் பயந்து, அன்று காலையில் பூஜை அறை விளக்குகளையெல்லாம் புளி போட்டுத் துலக்கி, சொட்டுகிற குழாய்க்கு நூல் சுற்றி, மூன்று மாதத்து மளிகைக் கணக்கைக் கூட்டிச் சரிபார்த்து, மாலையில் உடம்பு அலுத்து உட்காரும்போது, 'இன்றைக்கும் எழுதவில்லையே' என்று மனம் புழுங்குகிறவர். அவருடைய உழைப்பில் குறைவில்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, போகவேண்டிய வீட்டு வாசலை மட்டும் மிதிக்காமல் திரும்பிவிடுகிற உழைப்பு அது.

வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில், 'நெடுநீர்' என்ற கால நீட்டிப்பையும் சோம்பலையும் ஒரே குறளுக்குள் தனித்தனியாக எண்ணியிருப்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த நாளில் நான் கவனித்ததில்லை. இவையும் இவற்றின் கூட்டாளிகளும் சேர்ந்து, கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் ஆகின்றன என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். விரும்பி ஏறுகிறார்கள் என்பதைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். ஒத்திப்போடுவது இனிக்கிறது, இனிக்காவிட்டால் ஒருவரும் அந்தக் கலத்தில் கால் வைக்கமாட்டார்கள்.

பிறருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் என் சொந்தச் சங்கதியைச் சொல்லிவிடுவது நியாயம். நான் முப்பத்துநான்கு வருஷம் சர்க்கார் அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். நிலுவைப் பட்டியலில் என் பிரிவுக்குக் கெட்ட பெயர் வந்ததே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்பேர்ப்பட்டவன், என் தகப்பனார் காலமான பிறகு அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டி ஒன்றை மூன்று வருஷத்துக்குமேல் திறக்கவில்லை.

இறப்பை மட்டும் உடனே பதிந்துவிட்டேன். இறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தவறினால் தாமதக் கட்டணமும், மேலதிகாரியின் அநுமதியும், வருஷம் கடந்துவிட்டால் இன்னும் பெரிய இடத்து உத்தரவும் தேவைப்படும். கெடு இருந்த காரியம் கெடுவுக்குள் நடந்துவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, கிராமத்து நிலத்துக்குப் பட்டா மாற்றுவது, வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்பது ஆகிய, கெடு என்று ஒன்று எழுதிவைக்கப்படாத காரியங்கள் மட்டும் அந்தப் பெட்டியோடு சேர்ந்து பரண் ஏறிவிட்டன. திருச்சியிலிருந்து என் தங்கை வாரந்தோறும் தொலைபேசியில் பேசுவாள். எல்லா க்ஷேமலாபங்களும் விசாரித்து முடிந்த பிறகு, வைப்பதற்குச் சற்று முன்னால், "அண்ணா, அப்பா பெட்டியைப் பார்த்தியா?" என்பாள். "தீபாவளி கழியட்டும்மா" என்பேன். தீபாவளிகள் கழிந்தன. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்ததைவிட அது அதிகமாக வலித்தது.

எதற்காகப் பயந்தேன் என்று அப்போது யாராவது வினவியிருந்தால், 'வேலை ஜாஸ்தி, நேரமில்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? உண்மை வேறு. அப்பா எப்போதோ ஒரு நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டதாக என் சிறுவயதில் வீட்டிலே ஒரு பேச்சு அடிபட்டது. அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அந்தப் புரோநோட்டு பெட்டிக்குள் இருக்குமோ என்ற சந்தேகமே என்னைப் பரணுக்கு ஏறவிடாமல் தடுத்தது. புரோநோட்டுக் கடனுக்குச் சாதாரணமாக மூன்று வருஷந்தான் ஆயுள், அதற்குமேல் கோர்ட்டில் செல்லாது என்பது பிறருக்கு ஆயிரம் தடவை எடுத்துச் சொன்னவனாகிய எனக்குத் தெரியாததல்ல. பயம் காலாவதிச் சட்டம் படித்ததில்லை.

பெட்டியைக் கடைசியில் இறக்கியவன் நான் அல்லேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன், காரம் போர்டைத் தேடிப் பரண் ஏறினவன், வழியை அடைத்துக்கொண்டிருந்த பெட்டியைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு, காரம் போர்டு கிடைத்த சந்தோஷத்தில், "மாமா, இதைத் திரும்ப மேலேயே வச்சுடட்டுமா?" என்று கேட்டான். 'வை' என்று சொல்லச் சிறு பையன் முன்னால் வெட்கமாக இருந்தது; 'இருக்கட்டும்' என்றேன். இரண்டு நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன். மூன்றாம் நாள், திறந்து பார்ப்பது மாத்திரம் செய்வது, ஒன்றையும் படிப்பதில்லை, ஒன்றுக்கும் முடிவு சொல்வதில்லை என்று எனக்கு நானே ஓர் ஒப்பந்தம் பேசிக்கொண்டு திறந்தேன்.

நாற்பது நிமிஷம் பிடித்தது. வீட்டு வரி ரசீதுகள், மின்சார அட்டைகள், எங்கள் ஜாதகங்கள், வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து அம்மா கையால் தைத்த தொடர்கதை பைண்டுகள் இரண்டு, காரியத்துக்கு உதவக்கூடிய பத்திரங்கள் என்று பார்த்தால் மொத்தம் பதினொன்று. புரோநோட்டும் இருந்தது. குறுக்கே 'பைசல்' என்று எழுதி, தேதியிட்டு, நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே அது தீர்ந்துபோயிருந்தது.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நான் பயந்த காகிதம் ஒன்றும் செய்யவில்லை. நான் நினைத்தே பாராத காகிதம்தான் தண்டித்தது. நிலத்தின் பட்டா என் தகப்பனார் பெயரில் இல்லை, தாத்தா பெயரிலேயே இருந்தது. ஆகவே என் சித்தப்பாவின் சம்மதமும் வேண்டும். அவர் அடுத்த தெருவில்தான் இருந்தார், எட்டு மாதத்துக்கு முன்பு வரையில். காபி சாப்பிட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்திருக்கக்கூடிய ஒரு கையெழுத்துக்குப் பதிலாக, அவருடைய வாரிசுகள் ஐந்து பேரின் கையெழுத்துகள், அவற்றில் ஒன்று மஸ்கட்டிலிருந்து, எனக்குத் தேவைப்பட்டன. தாமதத்துக்கு வட்டி உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வட்டி எந்தக் கணக்கில் வந்து விழும் என்பது நாம் ஊகிக்கக்கூடியதாக இருப்பதில்லை.

இப்போது இதன் உள்விவகாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்ன அந்தக் கணத்திலேயே மார்பில் கிடந்த கல் இறங்கிவிடுகிறது. அந்த ஆறுதல் ஒத்திப்போட்டதற்கு மனம் உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும் கூலி. ஒருநாள் சோறு வைத்த திண்ணைக்குக் காக்கை மறுநாள் முன்கூட்டியே வந்து கரைவதைப்போல, அதே காரியத்தை அடுத்த முறை நினைக்கும்போது மனம் அந்த ஆறுதலை இன்னும் சீக்கிரமாகக் கேட்கத் தொடங்குகிறது. இதற்கிடையில், பயந்த பொருளைக் கண்ணால் காணவே இல்லையாதலால், பயம் தன் அளவைத் திருத்திக்கொள்வதற்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்ப்பதில்லை. காணாத பெட்டிக்குள் எத்தனை புரோநோட்டுகள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒத்திப்போடுதலைக் காலத்தை நிர்வகிக்கத் தெரியாத குறை என்று கருதுவதைவிட, வேண்டாத உணர்ச்சியிலிருந்து தப்பும் உபாயம் என்று கருதுவதே பொருந்தும் என்று மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பலர் இப்போது சொல்லுகிறார்கள். அழகான நாட்குறிப்பு வாங்கியும், வர்ண வர்ணமாகக் கால அட்டவணை போட்டும், திருந்தாமல் போனவர்கள் நம்மில் பலர் இருப்பதற்கு இதுவே காரணம். அட்டவணை போடுவதும் விளக்குத் துலக்குவதன் ஜாதியைச் சேர்ந்ததுதான்.

பரிகாரத்தை நான் புத்தகங்களிலிருந்து கற்கவில்லை. முப்பத்துநான்கு வருஷமாக என் மேஜைக்கு எதிரிலேயே அது தினந்தோறும் நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்துக்கு வருகிற தபாலை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். உறையைப் பிரிப்பார்கள், தேதி முத்திரை குத்துவார்கள், எண் கொடுத்துப் பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், இன்ன பிரிவுக்கு என்று குறித்து அனுப்புவார்கள். பெற்றுக்கொண்ட உதவியாளர் அதைத் தம் தன்பதிவேட்டில் பதிவார். இவ்வளவும் ஆகிறவரையில், அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. மேலிடத்துக் கண்டனமாயிருந்தாலும், பொதுஜனத்தின் வசைக் கடிதமாயிருந்தாலும், முத்திரை குத்துகிறவர் கை நடுங்காது. பதில் சொல்வது அவர் பொறுப்பில்லை என்பது அவருக்குத் தெரியும். பிரிப்பது ஒரு வேலை, தீர்ப்பது வேறொரு வேலை என்று பிரித்துவைத்த அந்த ஏற்பாட்டினால்தான், எத்தனையோ குறைகள் இருந்தும், சர்க்கார் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டிலோ நாமே தபால் பிரிப்பவர், நாமே உதவியாளர், நாமே தீர்ப்புச் சொல்லும் அதிகாரி; மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால், உறையைத் தொட்ட மாத்திரத்தில் தீர்ப்பின் பாரம் கையில் வந்து இறங்கிவிடுகிறது. ஆதலால் வாசகர் முதலாவது செய்யவேண்டியது, பயமுறுத்தும் காரியத்தைத் தபால் பிரிப்பவராக மட்டும் ஒருமுறை சந்திப்பது. கட்டிமுடிக்கவேண்டிய ஆய்வேடானால், அந்தக் கோப்பைத் திறந்து, எந்தெந்த அத்தியாயம் எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூடிவிடுங்கள். ஒரு வரிகூடத் திருத்தாதீர்கள். மருத்துவப் பரிசோதனையானால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, வெறும் வயிற்றோடு போகவேண்டுமா என்று மட்டும் விசாரித்துவையுங்கள். கடனானால், யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கூட்டி, கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுங்கள். இதைச் செய்யும்போது கை தானாக அடுத்த வேலைக்கு நீளும். நீண்டால் நீளட்டும், ஆனால் நீளவேண்டும் என்று எதிர்பார்த்து உட்காரக்கூடாது. அந்த எதிர்பார்ப்பை மனம் உடனே மோப்பம் பிடித்துவிடும், பிறகு திறக்க விடாது.

இரண்டாவதாக ஒன்று சொல்லவேண்டும். இதுவும் அலுவலகத்துச் சரக்குதான். கோப்பிலே சில அதிகாரிகள் 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். பார்வைக்குக் கம்பீரமான வாக்கியம். யார், எதை, எப்போது என்ற மூன்றில் ஒன்றும் அதில் இல்லாமையால், அந்தக் குறிப்பு விழுந்த கோப்பு மாதக்கணக்கில் அசையாது. நம்முடைய மனத்தில் இருக்கும் பட்டியல் முழுவதும் 'ஆவன செய்க' என்ற குறிப்புகளே. 'பட்டா விஷயம்', 'பல் விஷயம்', 'பெண்ணின் மேல்படிப்பு விஷயம்' என்று அங்கே எழுதியிருக்கிறது. 'செவ்வாய்க்கிழமை காலை காபி குடித்துத் தம்ளரைக் கழுவி வைத்தவுடன், முக்குக் கடையில் இறப்புச் சான்றிதழை 3 பிரதி எடுப்பது' என்று எழுதிப் பாருங்கள். அந்த வரியைப் பார்த்து ஒருவரும் பயப்பட முடியாது. ஜெர்மனியில் கோல்விட்ஸர், பிராண்ட்ஷ்டெட்டர் என்ற இரு ஆராய்ச்சியாளர் மாணவர்களைக் கொண்டு நடத்தி 1997-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குச் சாட்சி. கிறிஸ்துமஸ் முன்னிரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் கட்டுரை எழுதி அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறேன் என்று முன்னதாகக் குறித்துக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் கெடுவுக்குள் எழுதிவிட்டார்கள். அவ்வாறு குறிக்காதவர்களில் எழுதியவர் மூன்றில் ஒரு பங்கினர்தாம். பண்டிகை நாளிலே, வீட்டார் நடுவிலே, இவ்வளவு வித்தியாசம்.

எவ்வளவு நேரம் உட்காருவது என்ற கேள்விக்கு அதிகம் ஆராயவேண்டியதில்லை. 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் சிரில்லோ என்ற மாணவர், தக்காளி வடிவத்தில் செய்த சமையலறை மணிக்கடிகாரத்தைத் திருகிவைத்து, 25 நிமிஷம் படிப்பது, சற்று ஓய்வது என்று ஒரு முறையை வகுத்தார். உலகமெங்கும் இன்று அது பிரசித்தம். நம்முடைய நாழிகை 24 நிமிஷம். ஒரு நிமிஷ வித்தியாசத்துக்காக இத்தாலிக்குப் போகவேண்டாம் என்பது என் கட்சி. ஒரு நாழிகை உட்காருங்கள், எழுந்து தண்ணீர் குடியுங்கள்.

காரியம் முடிய எத்தனை நாள் பிடிக்கும் என்று மனம் சொல்லும் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். கானடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டு, 1994-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள் மாணவர்கள். எல்லாம் விபரீதமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, 49 நாள் என்றார்கள். உண்மையில் பிடித்ததோ 55 நாளுக்குமேல். விபரீதத்துக்கே அவர்கள் போட்ட கணக்குப் போதவில்லை! இதில் ஒரு விசித்திரம்: தொடங்குவதற்கு அஞ்சும்போது காரியம் மலையாகத் தோன்றுகிறது, முடிக்கும் நாளைக் குறிக்கும்போது அதே காரியம் மடுவாகிவிடுகிறது. இரண்டும் பார்க்காமல் போட்ட கணக்குகளே. ஆகவே சென்ற முறை இதுபோன்ற வேலைக்கு உங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது என்பதை நினைவுபடுத்திக்கொண்டு, அதை அப்படியே எழுதிவிடுங்கள். 'இந்தத் தடவை அப்படி ஆகாது' என்ற வாக்கியம் வாய்வரை வரும், விழுங்கிவிடவேண்டும்.

பெரிய காரியத்தைத் துண்டு துண்டாக்குவதற்கு உதாரணம் தேடி நான் வெகு தூரம் போகப் போவதில்லை. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் தம் வாழ்க்கையை எழுதும்படி நண்பர்கள் வேண்டியபோது அவருக்கு எண்பத்தைந்தாம் பிராயம் நடந்துகொண்டிருந்தது. அந்த வயதில், அத்தனை ஊர்களையும் அத்தனை மனிதர்களையும் அத்தனை ஏட்டுச் சுவடிகளையும் நினைவிலிருந்து எடுத்து ஒரு பெரும் புத்தகமாக எழுதித் தாருங்கள் என்று கேட்டால், எப்பேர்ப்பட்டவரும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். 'என் சரித்திரம்' அப்படி உண்டாகவில்லை. 1940 ஜனவரி 6-இல் தொடங்கி, ஆனந்த விகடனில் வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறையும்போது 122 அத்தியாயங்கள் ஆகியிருந்தன. சரித்திரம் முடியவில்லை என்பது வாஸ்தவம். மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றுபோயிற்று. முடியாத அந்தப் புத்தகத்தைத் தமிழ்நாடு இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது. முழுமையாகச் செய்ய இயலாதென்றால் தொடவே மாட்டேன் என்று வைராக்கியம் பேசுகிறவர்கள் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும். அந்த வைராக்கியத்துக்கு உள்ளே பெரும்பாலும் பயமே உட்கார்ந்திருக்கிறது.

அவரிடமே கற்கவேண்டிய இன்னொன்று, தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்பது. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீரா என்று வினவியதும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல வருஷம் பாடம் கேட்டவரான ஐயருக்கு அந்தக் காவியம் புதிதாயிருந்ததும், தமிழ் படித்தவர்கள் அறிந்த செய்தி. ஜைன சமயச் செய்திகள் விளங்காமல் இடறியபோது, தாம் காலேஜில் தமிழ்ப் பண்டிதர் என்ற நினைப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, ஊரிலேயே வாழ்ந்த ஜைனர்களின் வீட்டுக்குச் சென்று, அவர்களிடம் மாணாக்கரைப்போல் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. நாம் பரணில் ஏற்றுகிற காரியங்களில் பாதி, அடுத்த அடி தெரியாமல் ஏற்றியவையே, 'இது தெரியாதா?' என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் நம்மை வாய் திறக்க விடுவதில்லை. பட்டாவுக்கு எந்தப் படிவம் என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேட்பதற்கு, சர்க்காரில் முப்பத்துநான்கு வருஷம் கழித்தவன் நான், வெட்கப்பட்டேன். அவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தாமதம் எல்லாமே குற்றம் என்று இவ்வளவு படித்தபின் யாரேனும் முடிவு கட்டிவிடக்கூடும். பழந்தமிழில் 'தூங்குதல்' என்ற சொல்லுக்குத் தொங்குதல் என்றும் தாமதித்தல் என்றும் பொருள் உண்டு. தூக்கணாங்குருவியின் கூட்டில் அந்தத் தொங்கல் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் இந்தச் சொல்லை வைத்தே, காலம் தாழ்த்திச் செய்யவேண்டிய காரியங்களும் உண்டு, தாழ்த்தலாகாதவையும் உண்டு என்று பாகுபாடு செய்கிறார். கோபத்தில் எழுதிய கடிதம் ஒரு ராத்திரி தூங்கவேண்டும். நிலம் விற்பது, பெண்ணுக்கு வரன் முடிப்பது, உத்தியோகத்தை விடுவது முதலானவையும் அப்படித்தான். ஒரு தாமதம் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிய நான் உபயோகிக்கும் சோதனை சுலபமானது: காத்திருக்கும்போது அதைப் பற்றி நிம்மதியாகப் பேச முடிகிறதா, அல்லது அந்தப் பேச்சு எழுந்தவுடன் அறையைவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறதா? எழுந்து போகத் தோன்றினால், அது பரணில் இருக்கிறது.

நாள் கடத்தியாகிவிட்டது, இனி என்ன முகத்தோடு தொடங்குவது என்று மாய்ந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்மைத் தாமே திட்டிக்கொள்வது ஒரு பிராயச்சித்தம் என்றும், அதிலிருந்து முயற்சி பிறக்கும் என்றும் நாமெல்லாரும் நம்புகிறோம். கானடாவிலேயே முதல் வருஷ மாணவர்கள் 119 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு மாறாகச் சொல்லுகிறது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் ஒத்திப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்கு முன்னைவிடக் குறைவாகவே ஒத்திப்போட்டார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. தூற்றிக்கொள்ளத் தூற்றிக்கொள்ள, அந்தக் காரியத்தின்மேல் பயத்தோடு அவமானமும் சேர்ந்து படிகிறது. பிறகு திறப்பதற்கு இரண்டு பூட்டு. தாமதித்த கடிதத்துக்குப் பதில் எழுதும்போதும் இது பொருந்தும். தாமதத்துக்கு ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்துவிடவேண்டும். மன்னிப்பையே ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று எண்ணினால் அந்தப் பக்கமே அடுத்த பெட்டியாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இந்த அத்தியாயத்திலே சொன்னவை சாதாரணப் பயத்துக்கு உரியவை. வாரக்கணக்காகத் தூக்கம் பிடிக்காமலும், காரணமின்றி நெஞ்சு படபடத்தும், குளிப்பதும் உண்பதுங்கூட மலைபோலத் தோன்றியும் வருந்துகிறவர்களை நாழிகைக் கணக்கும் தபால் முத்திரையும் குணப்படுத்தா. அது வைத்தியரிடம் காட்டவேண்டிய நோய். சுரத்துக்குக் காட்டுவதைப்போலவே கூச்சமின்றிக் காட்டவேண்டும். மனநல ஆலோசனைக்கென்று மத்திய சர்க்கார் 2022-இல் தொடங்கிய 'டெலிமானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

என் பெட்டியின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு பத்திரங்களுக்கும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து எங்கே போகவேண்டும் என்பதை மாத்திரம் எழுதினேன். வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை காலை, அந்த நோட்டுக்கு உரியதாயிற்று. மஸ்கட் கையெழுத்து வந்து சேரவே நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் காரியம் நின்றுதான் கிடந்தது, ஆனால் கீழே கிடந்தது; தங்கையிடம் அதைப் பற்றித் தாராளமாகப் பேச முடிந்தது.

பெட்டியின் அடியில் கயிறு கட்டிய கடிதக் கட்டு ஒன்றும் இருந்தது. கல்யாணமான புதிதில் அப்பா வேலை நிமித்தம் வெளியூரில் தங்கியிருந்தபோது, அவரும் அம்மாவும் எழுதிக்கொண்டவை என்பது மேலுறையின் கையெழுத்துகளிலிருந்து தெரிந்தது. அதற்கும் பன்னிரண்டு என்று ஓர் எண் கொடுத்து, எதிரே என்ன எழுதுவது என்று இரண்டு வியாழக்கிழமை யோசித்தேன். பிறகு தங்கையிடம் கேட்டேன். "அது அவங்களோடதுண்ணா" என்றாள். பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே 'பைசல்' என்று எழுதி, கட்டைப் பிரிக்காமலே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.